மிதித்தால் நிற்கவேண்டும்

(எம்.எஸ்ஸி. பௌதிக மாணவன் ஒருவன்)

திருப்பதியில் படிக்க வந்திருக்கும் நம்மில் அலிபிரிப் பக்கம் போகாதவர் எவரும் இருக்கமுடியாது. ஒரு மாலை வேளையில் அங்கே சற்று நின்று பாருங்கள். மலையிலிருந்து இறங்கிவரும் வண்டிகள் நம்மைக் கடந்து செல்லும்போது ஒருவகை எரிந்த நாற்றம் மூக்கில் ஏறும். புதிதாக வந்தவர், எங்கேயோ வயர் எரிகிறது என்று திடுக்கிடுவார். எரிவது வயரன்று, பிரேக். 1944-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட முதல் மலைப்பாதை இன்று இறங்கும் வண்டிகளுக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதன் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓட்டுநரின் கால் பிரேக் மிதியைத் தேடிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஒரு சாண் அகல மிதியை நம்பித்தான் ஆயிரக்கணக்கானவர் நாள்தோறும் மலையிறங்குகின்றனர்.

அந்த மிதிக்கு அப்பால் என்னதான் நடக்கிறது? சென்ற கோடை விடுமுறை வரையில் நானும் இக்கேள்வியைக் கேட்டுக்கொண்டதில்லை. பாஸ்கல் விதியைப் பரீட்சைத் தாளில் எழுதி மார்க்கு வாங்கியவன் நான். அதே விதியை என் மாமாவின் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு இரண்டாம் முறையாகக் கற்க நேர்ந்தது. அவ்வாறு கற்றதைத் தோழர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்குமுன் ஒரு சொல். ‘பிரேக்’ என்பதற்குத் ‘தடுப்பான்’ போன்ற நல்ல தமிழ்ச் சொல் வழங்கலாம், எனக்கும் ஆசைதான். ஆனால் பட்டறைக்குப் போய், “தடுப்பான் சரியில்லை” என்றால், சரியில்லாதது நாம்தான் என்று மேஸ்திரி முடிவு கட்டிவிடுவார். ஆகையால் பட்டறைச் சொற்களையே கையாளுகிறேன். தமிழ்ப் பற்றுடையோர் பொறுத்தருள்க.

லாரியின் கதை

ஆரணிப் பக்கத்திலிருந்து பிழைப்பைத் தேடிச் சித்தூர் வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. என் தாய்மாமாவிடம் இருபது வயதைக் கடந்த சிறு லாரி ஒன்று இருக்கிறது. நான்கு டன் வரை சரக்கு ஏற்றும். பலமநேரில் தக்காளி ஏற்றிக்கொண்டு, மொகிலி கணவாயில் இறங்கி, சித்தூரைத் தாண்டி வேலூர்ச் சந்தையில் சேர்ப்பது அதன் அன்றாட வேலை. மொகிலி கணவாயைப் பற்றி இவ்வட்டாரத்தாருக்குச் சொல்லவேண்டியதில்லை. 2024 செப்டம்பர் 13-ஆம் நாள் அங்கே பேருந்தும் லாரிகளும் மோதிப் பலர் மாண்ட செய்தியை நாம் மறந்திருக்கமாட்டோம். அவ்விபத்தின் பொறுப்பை ஆராய்வது என் வேலையன்று. ஆனால் அன்றிலிருந்து மாமா சரக்கேற்றிக்கொண்டு அக்கணவாயில் இறங்கும் நாட்களில், அத்தை அவருடைய போன் வரும்வரை சாப்பிட உட்காருவதில்லை.

கோடையில் லாரியின் பிரேக் தளர்ந்தது. மிதியை அழுத்திக்கொண்டே இருந்தால் அது மெள்ள மெள்ளக் கீழிறங்கும். “வயசாச்சு, எல்லாத்தையும் மாத்திடுவோம்” என்று மாமா ஒரு பட்டறையில் விட்டார். புதிய மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரங்களின் சிலிண்டர்களுக்கும் புதிய ரப்பர்கள், எட்டு ஷூக்களுக்கும் புதிய லைனிங். பழைய டிரம்களில் கோடு விழுந்திருந்ததால் அவற்றை லேத்தில் கடைந்தும் மாட்டினார்கள். மூன்று நாள் வேலை. கையிருந்த பணம் முழுவதும் கரைந்தது.

மூன்றாம் நாள் மாலை மாமா ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். மிதி நேரே தரையைத் தொட்டது!

பழைய சாமான்களோடு ஓரளவு நின்ற வண்டி, புதிய சாமான்களோடு நிற்கவே மறுத்துவிட்டது. “காத்துப் புடிச்சிருக்கு” என்று பட்டறையில் சொன்னார்கள். ஏர் எடுத்தார்கள். சற்றுத் தேறியது. மறுபடி எடுத்தார்கள், மேலும் தேறவில்லை. “மாஸ்டர் சிலிண்டரே கோளாறா இருக்கும், வேற வாங்கிட்டு வாங்க” என்றார்கள். வியாழக்கிழமை லோடு ஏற்றுவதாக மாமா மண்டிக்காரரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் என்னைத் தனியே அழைத்து, “மூணு தடவை அடிச்சா நல்லாத்தான் புடிக்குது, மாப்பிள்ளை. நிதானமா ஓட்டிக்கிட்டுப் போயிடறேன்” என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் தாண்டிவிடும். மூன்று முறை அடித்துப் பிடிப்பதற்குள் எதிரே வருபவன் காத்திருப்பானா? “ரெண்டு நாள் பொறுங்க மாமா, பார்த்துடலாம்” என்றேன். ஆனால் எதைப் பார்ப்பது என்று அப்போது எனக்கே தெரியாது.

பாஸ்கல் சொன்னது

திரவ பிரேக்கின் அடிப்படை மிக எளியது. மூடிய கலத்திலுள்ள திரவத்தில் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும். இதைக் கூறியவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் பிளெய்ஸ் பாஸ்கல். அவர் 1662-இல் மறைந்தார். திரவங்களைப் பற்றிய அவருடைய நூல் மறு ஆண்டில் வெளிவந்தது. 1795-இல் ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் இவ்விதியைக் கொண்டே நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். மோட்டார் வண்டிக்குத் திரவ பிரேக் அமைக்க வழிகண்டு 1917-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட். பெரிய லாரிகளிலும் பேருந்துகளிலும் அழுத்திய காற்றினால் இயங்கும் பிரேக் உண்டு. அது வேறு குடும்பம். இங்கு நாம் பேசுவது திரவத்தால் இயங்கும் சிறு லாரியைப் பற்றி.

கணக்கிற்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநர் 30 கிலோ எடையளவு விசையுடன் மிதிக்கிறார். மிதி ஒரு நெம்புகோல். விசையை ஐந்து மடங்காக்குகிறது. ஆக மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன்மேல் 150 கிலோ. அதன் குறுக்களவு 25 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 4.9 சதுர சென்டிமீட்டர். ஆகவே திரவத்தில் உண்டாகும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 30 கிலோ. இந்த அழுத்தம் குழாய் வழியே ஓடிச் சக்கர சிலிண்டர்களை அடைகிறது. அவற்றின் குறுக்களவு 32 மில்லிமீட்டரானால் பரப்பு 8 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு பிஸ்டனும் 240 கிலோ விசையுடன் ஷூவை டிரம்மின்மேல் தள்ளும். சக்கரத்துக்கு இரண்டாக எட்டுப் பிஸ்டன்கள்! பூஸ்டரின் உதவியைச் சேர்க்காமலே இவ்வளவு.

ஆனால் இயற்கை எதையும் இனாமாகத் தருவதில்லை. விசை பெருகினால் தூரம் சுருங்கும். எட்டுப் பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு 64 சதுர சென்டிமீட்டர். அவை ஒவ்வொன்றும் ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர 6.4 கன சென்டிமீட்டர் திரவம் வேண்டும். அதைத் தர மாஸ்டர் பிஸ்டன் 13 மில்லிமீட்டர் நகரவேண்டும். அதற்கு ஓட்டுநரின் கால் 65 மில்லிமீட்டர் இறங்கவேண்டும். சக்கரத்தில் ஒரு மில்லிமீட்டர், காலில் 65 மில்லிமீட்டர். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கதையின் முடிச்சு இதில்தான் இருந்தது. நானோ இதைப் பின்னால்தான் போட்டுப் பார்த்தேன்.

காற்று செய்யும் கேடு

திரவம் அழுத்தத்துக்கு எளிதில் சுருங்காது. 30 மடங்கு காற்றுமண்டல அழுத்தத்திலும் பிரேக் ஆயில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் சுருங்கும். காற்று அப்படியன்று. ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட விதிப்படி, அழுத்தம் எத்தனை மடங்கு ஏறுகிறதோ அத்தனை மடங்கு கனஅளவு குறையும். குழாயில் 5 கன சென்டிமீட்டர் காற்று சிக்கிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். 30 மடங்கு அழுத்தத்தில் அது கடுகளவாகிவிடும். அதை நசுக்குவதற்கே மிதியின் வழியில் 5 சென்டிமீட்டர் வீணாகும்.

சாமான்களை மாற்றும்போது குழாய்களைத் திறக்கிறோம். காற்று புகுவது இயல்பு. ஆதலால் அதை வெளியேற்றுவது கட்டாயம். முறை இது: ஒருவர் மிதியை மெள்ள அழுத்திப் பிடித்துக்கொள்ளவேண்டும். மற்றவர் சக்கர சிலிண்டரிலுள்ள நிப்பிளைச் சிறிது திறக்கவேண்டும். ஆயிலும் குமிழிகளும் வெளிவரும். நிப்பிளை மூடியபிறகே மிதியை விடவேண்டும். முன்னால் விட்டால் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். நிப்பிளில் ஒரு குழலை மாட்டி, அதன் மறுமுனையை ஆயில் உள்ள புட்டியில் அமிழ்த்தி வைத்தால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியும். வழக்கமாக, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி அருகிலுள்ளதில் முடிப்பார்கள். இடையில் தொட்டியில் ஆயில் வற்றினால் வேலை முழுவதும் பாழ், மீண்டும் முதலிலிருந்து. புதிய மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் பூட்டுமுன்பே ஆயில் நிரப்பி, அதனுள் உள்ள காற்றைத் தனியே எடுத்துவிடவேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர்.

நானும் கிளீனர்ப் பையனும் இதை இரண்டுமுறை செய்தோம். முதல்முறை குமிழிகள் வந்தன. இரண்டாம் முறை ஒன்றுகூட வரவில்லை. ஆயினும் மிதி தரைக்கு அருகிலேயே இருந்தது. “இன்னும் எங்கோ காற்று ஒளிந்திருக்கிறது” என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பாயில் விதியைச் சொல்லி மாமாவை மிரட்டவும் செய்தேன். மூன்றாவது புட்டி ஆயிலும் வாங்கியாயிற்று.

பஞ்சா, கல்லா?

அப்போதுதான் மாமாவுக்குப் பழக்கமான முதிய மேஸ்திரி ஒருவர் வந்தார். பள்ளிக்கூடத்தை அதிகம் பார்த்தவரல்லர். மாமா எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், அவர் வண்டியைத் தொடவில்லை; என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

“தம்பி, ரெண்டு மூணு தடவை அடிச்சப்புறம் மிதி பஞ்சு மாதிரி இருக்கா, கல்லு மாதிரி இருக்கா?”

மிதித்துப் பார்த்தேன். “கல்லு மாதிரிதான் இருக்குது” என்றேன்.

“அமுக்கிப் புடிச்சுக்கிட்டே இரு. இறங்குதா?”

“இல்லை, நிக்குது.”

“அப்படீன்னா காத்தும் இல்லை, ஒழுக்கும் இல்லை. சக்கரத்தைத் தூக்கு.”

ஜாக்கி வைத்துப் பின்சக்கரத்தைத் தூக்கினோம். அவர் கையால் ஒரு சுழற்று சுழற்றினார். அது திருவிழா ராட்டினம்போல் ஓசையின்றிச் சுற்றிக்கொண்டே இருந்தது. “லைனிங் டிரம்முக்குப் பக்கத்துலயே இல்லை, பாரு” என்று சொல்லி, பின்தட்டிலுள்ள துளையின் வழியே அட்ஜஸ்டரைத் திருகத் தொடங்கினார்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. நடந்தது இதுதான்: டிரம்களை லேத்தில் கடைந்ததால் அவற்றின் உட்குறுக்களவு கூடிவிட்டது. புதிய லைனிங்கோ வழக்கமான பருமன். ஷூக்களை மாட்டும்போது அட்ஜஸ்டர்களை முழுவதும் தளர்த்தியவர்கள், மாட்டியபின் இறுக்க மறந்துவிட்டார்கள். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி மிகுந்துவிட்டது. மேலே போட்ட கணக்கை நினைவுகூருங்கள். ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நகரவேண்டியிருந்தால் மிதி 65 மில்லிமீட்டர் கீழே போய்விடும்!

அப்படியானால் பலமுறை அடித்தால் ஏன் பிடித்தது? மிதியைச் சட்டென்று விட்டதும், ஷூக்கள் முழுவதும் பின்வாங்குமுன்பே, தொட்டியிலிருந்து புதிய ஆயில் மாஸ்டர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். அடுத்த மிதிப்பு பாதி வழியிலிருந்து தொடங்குகிறது. ஆக, அடிக்க அடிக்க மிதி உயர்ந்து கல்லாகிறது. சிறிது நேரம் விட்டால் ஷூக்கள் பின்வாங்கிவிடும். மிதி மறுபடியும் பள்ளத்தில்.

மேஸ்திரியின் கேள்வியில் அடங்கியிருந்த நுட்பத்தை நம் பாடமுறையில் எழுதினால் இப்படி வரும்:

1. அடிக்க அடிக்க மிதி உயர்ந்து, கல்லாக நின்றால்: ஷூ இடைவெளி மிகுதி. அட்ஜஸ்டரைப் பார்க்கவேண்டும்.

2. உயர்ந்தாலும் பஞ்சுபோல் அமுங்கி எழும்பினால்: குழாயில் காற்று.

3. உயர்ந்து நின்று, அழுத்திப் பிடிக்கையில் மெள்ள மெள்ள இறங்கினால்: ஒழுக்கு. வெளியே ஈரம் தென்படாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பர் விட்டுக்கொடுக்கிறது. (எங்கள் லாரியின் பழைய நோய் இதுவே.)

4. எத்தனை முறை அடித்தாலும் உயரவே இல்லையென்றால்: தொட்டியில் ஆயில் இல்லை, அல்லது மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளவே இல்லை.

5. மிதி உயரத்திலேயே மரக்கட்டைபோல் கெட்டியாயிருந்து வண்டி நிற்க மறுத்தால்: பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்கவில்லை, அல்லது லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கிறது.

நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, கையால் சுற்றினால் லேசாக உரசும்வரை இறுக்கி, பிறகு உரசல் நீங்கும் அளவு தளர்த்தினார். மொத்தம் ஒரு மணி நேரம். செலவு ஒரு டீ. மாமா ஏறி மிதித்தார். மிதி பாதி வழியிலேயே கல்லாக நின்றது. புதிய மாஸ்டர் சிலிண்டரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தோமே, அது பாவம், நிரபராதி என்று எண்ணினோம். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை.

இரண்டாம் முடிச்சு

மறுநாள் வெற்று வண்டியைச் சோதனையாகக் காணிப்பாக்கம் பக்கம் ஓட்டிப்போனோம். முதல் சில கிலோமீட்டர் அருமையாக ஓடியது. பிறகு எஞ்சின் முனகத் தொடங்கியது. பிரேக்கைத் தொடாமலே வண்டியை யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் இருந்தது. இறங்கிப் பார்த்தால் அலிபிரியில் வரும் அதே நாற்றம்! நான்கு டிரம்களும் கைவைக்க முடியாத சூடு. அரைமணி நேரம் மரத்தடியில் நிறுத்தி ஆறவிட்டதும் வண்டி தானாகவே விடுபட்டது.

மாமாவுக்குக் கோபம். “மேஸ்திரி ரொம்ப இறுக்கிட்டார்” என்றார். போனில் இதைக் கேட்ட மேஸ்திரிக்கு அதைவிடக் கோபம். “நாப்பது வருஷமா இறுக்கறேன், எனக்கா தெரியாது?” என்றார்.

இப்போதுதான் நான் படித்த பௌதிகம் கைகொடுத்தது. ஷூவை அதிகமாக இறுக்கியிருந்தால் உரசல் முதலிலிருந்தே இருக்கவேண்டும். காலையில் சக்கரங்கள் தடையின்றிச் சுற்றின. மேலும், டிரம் சூடேறினால் விரியும். விரிந்தால் இடைவெளி கூடுமேயன்றிக் குறையாது. ஆகவே ஓட ஓட வளரும் இப்பிடிப்பு ஷூவின் இறுக்கத்தால் வந்ததன்று. சூடேற ஏற எது பெருகி அழுத்தத்தைக் கூட்டும்? திரவம்தான். சூட்டினால் விரியும் ஆயில் தொட்டிக்குத் திரும்ப வழியின்றி அடைபட்டிருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் சூடானால் அச்சக்கரத்தைச் சந்தேகிக்கலாம். நான்கும் சூடானால் நான்குக்கும் பொதுவான இடத்தைத்தானே பார்க்கவேண்டும்?

மாஸ்டர் சிலிண்டரில் ஊசிமுனையளவு துளை ஒன்று உண்டு. மிதியை விட்டிருக்கும் வேளையில் அது திறந்திருந்து, சிலிண்டரையும் தொட்டியையும் இணைக்கும். சூட்டில் விரியும் ஆயில் அதன் வழியாகத் தொட்டிக்குத் திரும்பும். மிதியை அழுத்தினால் பிஸ்டனின் ரப்பர் அத்துளையைத் தாண்டி மூடிக்கொள்ளும். பிறகே அழுத்தம் பிறக்கும். பூஸ்டரிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் கம்பி சற்றே நீளமாயிருந்தால், மிதியை விட்ட நிலையிலும் ரப்பர் துளையை மூடியபடியே இருக்கும். போன ஆயில் திரும்பாது. ஒவ்வொரு மிதிப்பும், ஒவ்வொரு பாகை சூடும் பிடிப்பைக் கூட்டும். பிடிப்பு மேலும் சூட்டைக் கூட்டும். இப்படியே விட்டால் வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும். அல்லது ஆயில் கொதித்து பிரேக்கே இல்லாமற்போகும்.

இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு என்று மேஸ்திரியே சொன்னார். கோபம் தணிந்து நேரில் வந்துவிட்டார். வண்டியை மறுபடி ஓட்டிப் பிடிப்பு உண்டானதும், சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். பூஸ்டரோடு மாஸ்டர் சிலிண்டரை இணைக்கும் நட்டுகளை இரண்டு சுற்றுத் தளர்த்தினார். சிலிண்டர் ஒரு நூல் முன்னே நகர்ந்தது. ‘டக்’ என்ற ஓசையுடன் நான்கு சக்கரங்களும் விடுபட்டன! கம்பிதான் குற்றவாளி. புதிய சிலிண்டரின் பிஸ்டன் குழி பழையதைவிட ஆழம் குறைவு. கம்பியோ பழைய குழிக்கேற்ற நீளத்தில் இருந்தது. அதன் முனையிலுள்ள திருகைச் சிறிது உள்ளே வாங்கியதும் இடைவெளி கிடைத்தது.

நட்டைத் தளர்த்தியும் விடுபடாவிட்டால் அடுத்தபடி சக்கரத்தின் நிப்பிளைத் திறந்து பார்க்கவேண்டுமாம். அப்போது விடுபட்டால் இடையிலுள்ள ரப்பர் ஹோஸ் உட்புறம் உப்பி, போகும் ஆயிலைத் திரும்பவிடாமல் அடைக்கிறது என்று பொருள். அதற்கும் விடுபடாவிட்டால் கோளாறு ஆயிலில் இல்லை. ஷூ ஸ்பிரிங்கிலோ கைபிரேக் கம்பியிலோ இருக்கிறது. சந்தேகத்தைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகும் இம்முறையை நாம் ஆய்வுக்கூடத்தில் பெரிய முறையாகப் பேசுகிறோம். பட்டறையில் இதற்குப் பெயர்கூடக் கிடையாது.

மலையிறக்கமும் வெப்பமும்

இத்தனை ஆராய்ச்சியும் எதற்காக? மொகிலி கணவாய்க்காக. பலமநேர் சித்தூரைவிட ஏறக்குறைய 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டியும் சரக்குமாக 7 டன். இந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 240 இலட்சம் ஜூல். அறைச் சூட்டிலிருக்கும் 80 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும்! இதில் ஒரு பகுதியைக் காற்றின் தடையும் டயரின் உராய்வும் விழுங்கும். எஞ்சியதை எஞ்சின் தாங்கவேண்டும். இல்லையேல் பிரேக் தாங்கவேண்டும். “எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு” என்று பழைய ஓட்டுநர்கள் கூறுவதன் பொருள் இதுதான். தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் இறங்குபவர் முழுச் சுமையையும் பிரேக்கின் தலையில் கட்டுகிறார். எஞ்சினையும் நிறுத்திவிட்டால் பூஸ்டரின் வெற்றிடமும் இரண்டு மூன்று மிதிப்பில் தீர்ந்துவிடும்.

ஆயிலின் கொதிநிலையும் இங்கு முக்கியம். டாட்-3 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய ஆயிலுக்கு விதிக்கப்பட்ட அளவு 140 பாகைதான். நெடிய இறக்கத்தில் ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழிகள் உண்டாகும். பிறகு நடப்பதை பாயிலே சொல்லிவிட்டார். பட்டறை மூலையில் மூடியின்றிக் கிடந்த புட்டியிலிருந்து எங்கள் லாரிக்கு முதலில் ஆயில் ஊற்றியிருந்தார்கள். அது தெரிந்ததும் முழுவதையும் வெளியேற்றிப் புதிதாக நிரப்பினோம். எஞ்சின் ஆயிலை ஒரு சொட்டும் சேர்க்கக்கூடாது. ரப்பர்களை உப்பச் செய்து கெடுத்துவிடும்.

முடிவாக

வியாழக்கிழமை லோடு தவறிப்போயிற்று. மண்டிக்காரர் வேறு வண்டி பிடித்துக்கொண்டார். அதில் மாமாவுக்கு வருத்தம்தான். சனிக்கிழமை நானும் உடன் சென்றேன். பலமநேரில் தக்காளிக் கிரேட்டுகள் ஏறின. கணவாயின் தலைப்பில் மாமா வண்டியை நிறுத்தி, மிதியை ஒருமுறை அழுத்திப் பார்த்து, கியரைத் தாழ்த்திக்கொண்டு இறங்கினார். வழியில் அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தி நான்கு சக்கரங்களுக்கும் அருகே புறங்கையைக் காட்டிப் பார்த்தோம். வெதுவெதுப்பாக இருந்தது; நாற்றமில்லை. மாமா முதல் வேலையாக அத்தைக்குப் போன் செய்தார். “இறங்கிட்டேன், நீ சாப்பிடு” என்றார்.

இதைப் படித்துவிட்டு நீங்களே பிரேக்கில் கைவைக்கவேண்டும் என்று நான் கூறவில்லை. உயிரோடு விளையாடும் வேலை அது. தேர்ந்த கைகளே செய்யவேண்டும். ஆனால் சாமான் மாற்றிய வண்டி எதுவானாலும் நெடுஞ்சாலைக்குப் போகுமுன் சமதரையில், குறைந்த வேகத்தில், சில கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, நான்கு சக்கரங்களின் சூட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம் அல்லவா? சுற்றுலாவுக்கு நாம் வேன் அமர்த்தும்போது, “மூணு தடவை அடிச்சா புடிக்கும்” என்று ஓட்டுநர் சிரித்துக்கொண்டே சொன்னால் இறங்கிவிடலாம் அல்லவா?

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பார்கள். காற்று, காற்று என்று நான் பிடிவாதம் பிடித்த இரண்டு நாட்களில் அப்பழமொழி முழு உண்மையாயிற்று. ஆனால் காணிப்பாக்கம் சாலையில், விரியும் டிரம் இறுக்காது என்று கூறியதும் அதே ஏடுதான். மேஸ்திரியின் காலும் நம்முடைய ஏடும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டால் வண்டி நிற்கும். அவர் என்னிடம் முதலில் கேட்டது ஒரு கேள்வி. நானோ அவர் வருமுன்பே விடையை வைத்துக்கொண்டிருந்தேன். ஆய்வுக்கூடத்திற்குத் திரும்பிய பிறகும், கருவி ஏதாவது தகராறு செய்தால், முதலில் என் காதில் ஒலிப்பது அந்தக் கேள்விதான்: “பஞ்சா, கல்லா?”